செய்தித் தமிழுக்குப் பொது நடைவிதிகள்: கோலார் தங்கவயற் செய்திகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. தமிழ்ச் செய்தித்தாள்களுக்குப் பொதுவான நடைவிதிகள் வேண்டும் என்பது மொழியியலாராலும் இதழாளராலும் அவ்வப்போது வலியுறுத்தப்பெறும் கருத்தாகும். இதனை மறுப்பவர் மிகக் குறைவு. ஆயின், அவ்விதிகள் எவற்றைப் பற்றியனவாக அமைய வேண்டும் என்னும் வினா எழும்போது, பேச்சு பெரும்பாலும் ஒற்று மிகுதல், சொற்களைச் சேர்த்தும் பிரித்தும் எழுதுதல், கிரந்த எழுத்துகளை ஏற்றலும் விலக்கலும் என்னும் மூன்றனுள் அடங்கிவிடுகிறது. இவை தேவையற்றவை அல்ல. ஒரே பக்கத்தில் ஓரிடத்தில் ‘காவல்துறை’ என்றும் மற்றோரிடத்தில் ‘காவல் துறை’ என்றும் அச்சிடும் இதழின்மீது வாசகனுக்கு நம்பிக்கை குறையவே செய்யும். எனினும், ஒரு செய்தி யாரை எந்தப் பெயரால் சுட்டுகிறது, எந்த வினைவிகுதியால் முடிக்கிறது, எதனை உறுதியாகவும் எதனைப் பிறர் கூற்றாகவும் வைக்கிறது என்பனவும் நடையின் பாற்பட்டவையே. செய்தி எழுத்தைப் பொறுத்தவரை இவையே முதன்மையானவை என்பது இக்கட்டுரையாசிரியரின் கருத்து. கோலார் தங்கவயல் பற்றிய செய்திகளில் வரும் தொடரமைப்புகளைக் கொண்டு இக்கருத்து இங்கு ஆராயப்படுகிறது.

தங்கவயலைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனத்தார் அங்குச் சுரங்கப் பணியை மேற்கொண்ட காலத்திலிருந்து வடஆர்க்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் குடும்பத்துடன் சென்று குடியேறினர். 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைக்கப்பட்டது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. சுரங்கம் போயிற்று, ஊரும் மொழியும் எஞ்சியுள்ளன. ஊர் கர்நாடக மாநிலத்தில் உள்ளது. சுற்றிலும் கன்னடமும் தெலுங்கும் வழங்குகின்றன. அங்குப் படிக்கப்படும் பெரிய தமிழ் நாளிதழ்கள் பெங்களூருப் பதிப்புகளாக வருகின்றன. ஆயினும் அவற்றின் நடைமரபு தமிழ்நாட்டில் உருவானது. ஓரிடத்தில் அமைந்த மரபு மற்றோரிடத்தின் வாழ்வை எழுத முற்படும்போதுதான் விதிகளின் வலிமையும் வலுவின்மையும் ஒருங்கே வெளிப்படுகின்றன.

கீழே எண்ணிட்டுத் தரப்பெறும் எடுத்துக்காட்டுத் தொடர்கள் எந்தவோர் இதழிலிருந்தும் எடுக்கப்பெற்றவை அல்ல. செய்திகளில் பரவலாகக் காணப்பெறும் அமைப்புகளைப் பின்பற்றிக் கட்டுரையாசிரியரால் அமைக்கப்பெற்றவை.

2. நடைவிதி என்னும் துறையில் தமிழில் இதுவரை நடந்த பணியைச் சுருங்கக் கூறுதல் பொருந்தும். 1942-இல் மதுரையிலிருந்து ‘தந்தி’ இதழைத் தொடங்கிய சி. பா. ஆதித்தனார், தம் இதழாளர்களுக்கென எழுதிய கையேட்டின் வழியாக ஓர் அடிப்படைக் கொள்கையை நிலைநாட்டினார். எழுத்தறிவு குறைந்தோரும் படிக்கும்படி, மக்கள் பேசும் சொற்களைக் கொச்சை நீக்கிச் சிறு தொடர்களாக எழுத வேண்டும் என்பதே அது. செய்தித் தமிழின் வரலாற்றில் இதற்கு இணையான விளைவை உண்டாக்கிய பிறிதொரு விதி இல்லை எனலாம். 2001-இல் மொழி அறக்கட்டளை வெளிக்கொணர்ந்த ‘தமிழ் நடைக் கையேடு’ வேறு வகையானது. நிறுத்தக்குறிகள், சொற்பிரிப்பு, சந்தி ஆகியவற்றில் தற்கால எழுத்துத் தமிழுக்கு ஓர் ஒழுங்கைப் பரிந்துரைத்த முயற்சி அது. அதற்கு முன் 1992-இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, சொற்களைப் பிரித்தும் சேர்த்தும் எழுதுவதில் பலருக்கு வழிகாட்டியாக அமைந்துவிட்டது. அகராதி நடைக்கையேட்டின் வேலையைச் செய்ய நேர்ந்தது நம் நிலைமையைக் காட்டும்.

எளிமை, சீர்மை என்னும் இவ்விரு அளவுகோல்களும் மதிக்கத்தக்கவை. ஆனால் இவ்விரண்டும் கைகொடாத இடங்கள் செய்தியில் உள்ளன. ‘திருடன்’ என்பது எளிய சொல். அதில் ஒற்றுப்பிழையும் இல்லை. ஒருவரை அச்சொல்லால் சுட்டலாமா என்பதை எளிமையும் சீர்மையும் கூற இயலா.

3. மூடப்பட்ட சுரங்கங்களுக்குள் இறங்கியவர்கள் மூச்சுத்திணறி இறந்த செய்திகள் 2001-க்குப் பின்னரும் தங்கவயலிலிருந்து வந்துள்ளன. அவ்வகைச் செய்தி ஒன்றின் தலைப்பு பின்வருமாறு அமையலாம்:

(1) மூடிய சுரங்கத்தில் திருடச் சென்ற 3 பேர் பலி

செய்தியின் உடற்பகுதி இவ்வாறு தொடரலாம்:

(2) திருட்டுக் கும்பலைச் சேர்ந்த மூவர் நள்ளிரவில் கயிறு கட்டிச் சுரங்கத்துக்குள் இறங்கினர். முதலில் இறங்கியவன் மயங்கி விழுந்தான்.

(3) தகவலறிந்து விரைந்து வந்த ஆய்வாளர் உடல்களை மீட்க உத்தரவிட்டார்.

(4) திருடச் சென்ற மூவரும் விஷவாயு தாக்கி இறந்ததாகக் கூறப்படுகிறது.

(4)-ஆம் தொடரை முதலில் நோக்குவோம். இதில் இரு செய்திகள் உள. மூவர் இறந்தனர் என்பது ஒன்று. அவர்கள் திருடச் சென்றனர் என்பது மற்றொன்று. முதலாவது கண்கூடானது; உடல்கள் மீட்கப்பட்டுள்ளன. இரண்டாவது காவல் துறையின் கூற்று. வழக்கு மன்றத்தை இன்னும் எட்டாதது. ‘கூறப்படுகிறது’ என்னும் ஐயக்குறிப்பு இவற்றுள் எதன்மேல் விழுகிறது? தொடரின் இறுதியில் நின்று இறப்பின்மேல் விழுகிறது. ‘திருடச் சென்ற’ என்னும் பெயரெச்சமோ ஐயத்தின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. அதாவது, உறுதியானது ஐயமாகவும் ஐயத்துக்குரியது உறுதியாகவும் எழுதப்பட்டுவிட்டன.

இஃது ஓர் எழுத்தாளரின் கவனக்குறைவு மட்டும் அன்று. தமிழின் தொடரமைப்பே இதற்கு இடந்தருகிறது. பெயரெச்சத் தொடர் தான் தழுவும் பெயருக்கு முன்னால் வரும். அதில் அடங்கும் கருத்து, எழுதுபவரும் படிப்பவரும் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஒன்றுபோல் நிற்கும். ‘நேற்று வந்த கணக்கர் எங்கே?’ என்று வினவினால், கணக்கர் நேற்று வந்தாரா என்னும் வினா அங்கு எழுவதில்லை. அதனை ஏற்றுக்கொண்டபின்னரே விடை கூற முடியும். கூற்றைக் காட்டும் வினையோ தமிழில் தொடரின் கடைசியில் வருவது. ஆங்கிலத்தில் ஐயத்தை உணர்த்தும் வினையடை ஒரு சொல்லளவில் எங்கு வேண்டுமாயினும் நகரக்கூடியது. திருட்டைக் குறிக்கும் சொல்லின் பக்கத்திலேயே அதனை நிறுத்தலாம். செய்தி நிறுவனங்களின் ஆங்கிலப் படியை விரைந்து மொழிபெயர்ப்பவர், அந்த வினையடையைத் தொடரின் இறுதிக்குத் தள்ளி ‘கூறப்படுகிறது’ என்று முடித்துவிடுகிறார். தள்ளும்போதே அதன் ஆட்சி எல்லை மாறிவிடுவதை அவர் உணர்வதில்லை. மொழிபெயர்ப்புப் பயிற்சி வகுப்புகளில் இத்தகைய தொடர்களைக் கொடுத்துப் பார்த்துள்ளேன். நன்கு எழுதும் மாணவரும் இவ்விடத்தில் வழுக்குகின்றனர். வழுக்கியதைச் சுட்டிக்காட்டினால் வியக்கின்றனர். தொடர் அவர்கள் காதுக்குச் சரியாகவே ஒலிக்கிறது.

எனவே, செய்தித் தமிழுக்கு ஒரேயொரு விதிதான் வகுக்கலாம் எனின், இதனை முன்மொழிவேன்: ஐயத்துக்குரிய கருத்து அடையற்ற பெயரெச்சத்தில் வரலாகாது. அதனைத் தனித்தொடராக்கிக் கூறுபவரின் பெயரோடு எழுதுக. இடமில்லையாயின், ‘திருடச் சென்றதாகக் காவல் துறையினர் கூறும் மூவர்’ என்றேனும் எழுதுக. இத்தொடர் நீளமானது, தலைப்புக்கு ஆகாது. தலைப்புக்கு ‘மூடிய சுரங்கத்தில் இறங்கிய மூவர் பலி’ என்பது போதும். இறங்கினர் என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

‘கூறப்படுகிறது’ என்னும் செயப்பாட்டு வினை பற்றியும் ஒரு சொல். அது கூறியவரை மறைக்கிறது. மேற்காட்டியது போன்ற செய்திகளில் கூறுபவர் பெரும்பாலும் ஒருவரே, காவல் நிலையத்தார். அவர் பெயரைச் சொன்னால் வாசகர் அக்கூற்றின் எடையைத் தாமே மதிப்பிடுவார். சொல்லாவிட்டால் ஊரே கூறுவது போன்ற தோற்றம் உண்டாகிறது. ‘தெரிகிறது’, ‘தெரியவந்துள்ளது’ என்பன இதனினும் ஒருபடி மேலே செல்கின்றன. அவை கூற்றை அறிவாகவே மாற்றிவிடுகின்றன.

3.1 இனி விகுதிக்கு வருவோம். (2)-இல் இறங்கியவன் ‘விழுந்தான்’. (3)-இல் ஆய்வாளர் ‘உத்தரவிட்டார்’. ஒரே செய்தியில், ஒரே பத்தியில், ஒருவர்க்கு ஆண்பால் ஒருமையும் மற்றவர்க்கு உயர்வுப் பன்மையும் வந்துள்ளன. ஒருவரைப் பன்மையால் கூறுவதைத் தொல்காப்பியர் வழக்கிலிருந்து எழுந்த உயர்சொல்லாகக் கொண்டாரேயன்றி இலக்கண நெறிப்பட்டதாகக் கொள்ளவில்லை. அவர் காலத்தில் அது விருப்பத்தின் பாற்பட்டது. இன்றைய எழுத்துத் தமிழில் நிலைமை மாறிவிட்டது. வளர்ந்த ஒருவரைப் படர்க்கையில் சுட்ட ‘-ஆர்’ என்பதே இயல்பான வடிவம். ‘-ஆன்’ என்பதே குறியுள்ள வடிவம். அதனைத் தேர்ந்தெடுக்கும்போது எழுதுபவர் ஏதோ ஒன்றைச் சொல்கிறார். இலக்கணம் அவரை அதற்குக் கட்டாயப்படுத்தவில்லை.

முன்னைய தலைமுறைச் செய்தித்தாள்களில் திருட்டு, அடிதடி வழக்குகளில் சிக்கியோர் ‘-ஆன்’ விகுதி பெறுவது பெருவழக்கு. இன்று அது குறைந்துள்ளது, முற்றும் மறையவில்லை. குறைந்த முறையும் கவனிக்கத்தக்கது. இதழ்கள் விதி வகுத்து மாற்றியதாகத் தோன்றவில்லை; விகுதியைத் தவிர்க்கும் உத்திகளே பெருகியுள்ளன. ‘3 பேர் பலி’ என்பதில் பால்காட்டும் விகுதிக்கு இடமே இல்லை. ‘கைது’, ‘உடல் மீட்பு’ என்பனவும் அவ்வாறே. பன்மையில் உயர்வும் இழிவும் ஒன்றாகிவிடுவதால் மூவரைப் பற்றி எழுதுவது எளிது. இருவருள் ஒருவரைப் பிரித்துக் கூற நேரும்போதே அகப்பட்டுக்கொள்கிறோம். ‘முதலில் இறங்கியவன்’ அவ்வாறு அகப்பட்ட இடம்.

அண்டை மொழிகளையும் ஒப்புநோக்கலாம். தங்கவயல் வாசகர் பலர்க்கு அவையும் பழக்கமானவை. தெலுங்கு நாளிதழ்களில் எளிய மனிதர் ஒருவரின் இறப்பைச் சொல்லுமிடத்து ‘மிருதி செந்தாடு’ என்னும் ஆண்பால் ஒருமை இன்றும் இயல்பாக வருகிறது. பெருமக்கள் இறந்தாலோ ‘செந்தாரு’ என்றாகிறது. அவர் குற்றம் செய்தவர் என்பது அங்குப் பொருளன்று. பெயர் பெறாதவர் என்பதே பொருள். கன்னடச் செய்திகளிலும் ஒருமை, உயர்வுப் பன்மை என்னும் இரண்டும் காணப்படுகின்றன. தமிழ் இவ்வகையில் ஓரளவு முன்னே சென்றுள்ளது. தொழிலாளி ஒருவர் இறந்தால் ‘இறந்தார்’ என்றே எழுதுகிறோம். ஆனால் அவரே ஒரு குற்றச்சாட்டின் நிழலில் இறந்தால், பழைய விகுதி திரும்பி வரும் வாய்ப்பு இன்னும் இருக்கிறது. சிறுவர்க்கு ‘-ஆன்’, ‘-ஆள்’ வருவது வேறு. அங்கு அது அகவையைக் காட்டுகிறது. எத்தனை வயது வரை என்பதை மட்டும் இதழ்கள் முடிவு செய்துகொண்டால் போதும்.

3.2 பெயர்ச்சொல்லின் தேர்வு இதனோடு தொடர்புடையது. 2013 ஏப்ரலில் அமெரிக்காவின் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் தன் நடைக்கையேட்டில் ஒரு மாற்றம் செய்தது. சட்டத்துக்குப் புறம்பாகக் குடியேறியவரைச் ‘சட்டவிரோதக் குடியேறி’ எனச் சுட்டும் வழக்கை அது கைவிட்டது. செயல் சட்டவிரோதமாகலாம், ஆள் ஆகமாட்டார் என்பது அதன் சாரம். ஆங்கிலத்தில் இதனை நடைமுறைப்படுத்தச் சுற்றிவளைத்து எழுத வேண்டியிருந்தது. தமிழுக்கோ அக்கருவி இலக்கணத்திலேயே உள்ளது. வினையாலணையும் பெயர் ஆளைச் செயலால் சுட்டுகிறது, காலத்தையும் காட்டுகிறது, ‘-அவர்’ விகுதியால் மதிப்பையும் தருகிறது. ‘இறங்கியவர்’ என்றால் ஒரு நாள், ஒரு முறை இறங்கியவர். ‘திருடன்’ என்றால் நேற்றும் இன்றும் நாளையும் திருடன். ‘கொள்ளையன்’, ‘ரவுடி’ என்பனவும் அத்தகையனவே. ‘குற்றவாளி’ என்னும் சொல்லைத் தீர்ப்புக்கு முன் வழங்குவது தமிழ்ச் செய்திகளில் எல்லா ஊர்களிலும் காணும் நோய். ‘குற்றஞ்சாட்டப்பட்டவர்’ என்பது நீளம் என்று அதற்குச் சமாதானம் கூறப்படுகிறது. ‘கைதானவர்’ நீளமன்று.

தங்கவயலில் இச்சொற்றேர்வுக்கு ஊர்சார்ந்த ஒரு பின்னணியும் உண்டு. நிறுவனம் இயங்கிய காலத்தில் சுரங்கத்துக்குள் இறங்கியவருக்குத் ‘தொழிலாளி’ என்பது பெயர். நிறுவனம் மூடிய பின்னர் அதே குழிக்குள் இறங்குபவர் அத்தொழிலாளியின் மகனாகவோ பேரனாகவோ இருக்கக்கூடும். அவர் செய்தது குற்றமாகலாம். ஆயினும் ஒரு தலைமுறைக்குள் ‘தொழிலாளி இறங்கினார்’ என்பது ‘திருடன் இறங்கினான்’ என்று மாறும்போது, இடையில் நடந்த சுரங்க மூடல் செய்தியிலிருந்து விடுபட்டுப்போகிறது.

4. சுரங்கத் தொழிற் சொற்களின் மொழிபெயர்ப்பில் வேறுவகைச் சிக்கல்கள் எழுகின்றன. தொழிலாளர் ‘ஷாஃப்ட்’ என்று வழங்கும் ஆங்கிலச் சொல்லுக்குப் பொறியியலில் தண்டு என்றும், சுரங்கவியலில் செங்குத்தாகத் தோண்டிய குழி என்றும் இரு பொருள். அகராதியின் முதற்பொருளை எடுத்தால் ‘சுரங்கத் தண்டுக்குள் விழுந்து பலி’ என்னும் விந்தைத் தொடர் பிறக்கும். ‘சுரங்கக் குழி’ போதுமானது. தங்கவயல் வாசகர்க்கு ‘ஷாஃப்ட்’ இன்னும் தெளிவானது. ஆழத்தைக் கூறுவதிலும் எச்சரிக்கை வேண்டும். பழைய சுரங்கக் கணக்குகள் அடியில் அமைந்தவை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழமுடையது. பத்தாயிரம் அடி எனும்போது அதனை மீட்டரில் மாற்றி அடைப்புக்குள் தரலாமேயன்றி, மூல அளவை நீக்கிவிடலாகாது.

இவற்றினும் பொறுப்பு மிக்கது பாறை வெடிப்பு என்னும் சொல். ஆழ்சுரங்கங்களில் பாறையில் தேங்கிய அழுத்தம் திடீரென விடுபட, பாறை சிதறி விழும். இந்நிகழ்வு தங்கவயலில் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வந்தது. 1988-இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் அவ்வூரில் அமைந்தது இத்தகைய ஆய்வுத் தேவைகளோடு தொடர்புடையது. தமிழில் ‘வெடிப்பு’ என்னும் சொல்லுக்கோ மூன்று பொருள்கள்: பிளவு, வெடிமருந்தின் வெடிப்பு, தானே சிதறுதல். ‘சுரங்கத்தில் வெடிப்பு, தொழிலாளர் பலி’ என்று தலைப்பிட்டால் பொதுவாசகர் இரண்டாம் பொருளையே கொள்வார். வெடிமருந்தைக் கையாண்ட தொழிலாளரின் தவறு என்று எண்ண அது வழிசெய்யும். தானே சிதறிய பாறையாயின், ஆழமும் அகழும் முறையும் பாதுகாப்பு ஏற்பாடும் வினாவுக்குள்ளாகும். பொறுப்பு யாருடையது என்பதை ஒரு சொல்லின் பொருள்மயக்கம் திசைதிருப்பிவிடுகிறது. ‘பாறைச் சிதறல்’ அல்லது ‘அழுத்தத்தால் பாறை சிதறியது’ என எழுதுவது தக்கது. கலைச்சொல் பட்டியல்கள் ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ச்சொல் தருவதோடு நின்றுவிடுகின்றன. இம்மயக்கத்தை அவை காட்டுவதில்லை.

இனி, ‘தங்கவயல்’ என்னும் பெயரே ஒரு மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தில் கனிமம் கிடைக்கும் நிலப்பரப்பைக் குறித்த சொல்லை நெல் விளையும் வயலாக்கிக்கொண்டோம். கன்னடத்தார் சுரங்கம் என்னும் பொருளுடைய ‘கணி’ என்பதைக் கொண்டு ‘சின்னத கணி’ என்றனர். அவர்கள் பொருளை நோக்கினர், நாம் சொல்லை நோக்கினோம். கறாரான நடைக்கையேடு ஒன்று இன்று எழுதப்படுமாயின் ‘வயல்’ பிழையென்று அடித்துவிடும். நல்லவேளையாக அவ்வாறு நிகழவில்லை. வழக்கு பிழையையும் ஊர்ப்பெயராக்கிவிட்டது.

5. ஊர்ப்பெயர்களில் சீர்மை வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் எதற்காக என்பது தெளிவாக இருக்க வேண்டும். கோலார் வேறு, கோலார் தங்கவயல் வேறு. முன்னது மாவட்டத் தலைநகர். பின்னது அதிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. தலைப்பில் இடம் போதவில்லை என்று ‘கோலாரில் போராட்டம்’ என எழுதினால் அது நடைப்பிழை அன்று, செய்திப்பிழை. ‘தங்கவயல்’ என்று சுருக்கினால் எவர்க்கும் ஐயம் இல்லை. ராபர்ட்சன்பேட், ராபர்ட்சன்பேட்டை ஆகியவற்றுள் எதனைக் கொண்டாலும் தீங்கில்லை. ஒன்றைக் கொண்டால் சரி. 2014 நவம்பர் 1 முதல் கர்நாடக அரசு பன்னிரண்டு நகரங்களின் ஆங்கிலப் பெயர்களைக் கன்னட ஒலிக்கு ஏற்ப மாற்றியபோது தமிழ் இதழ்கள் ‘பெங்களூரு’, ‘மைசூரு’ என எழுதத் தொடங்கின. அரசாணை ஆங்கில எழுத்துகளைப் பற்றியது. ‘பெங்களூர்’ என்பதோ தமிழ் வழக்கு. ‘ஊர்’ என்பது தமிழில் முழுச்சொல். இறுதியில் உகரம் சேர்ப்பதைத் தவறென்று கூறேன். அது கட்டாயம் என்று கருதியதையே கேள்விக்குள்ளாக்குகிறேன்.

சுட்டுச்சொற்கள் இதனினும் நுட்பமானவை. ‘அண்டை மாநிலமான கர்நாடகத்தில்’ என்று தொடங்கும் செய்தி பெங்களூருப் பதிப்பிலும் அவ்வாறே அச்சேறினால், தங்கவயலில் அதனைப் படிப்பவருக்கு அவர் வீடே அண்டை வீடாகிவிடுகிறது. ‘நம் மாநிலம்’, ‘இங்கு’, ‘வெளிமாநிலத் தமிழர்’ என்பன எல்லாம் எழுதுபவர் நிற்கும் இடத்தை மையமாகக் கொண்டவை. கொள்ளுப்பாட்டன் காலத்தில் குடியேறிய குடும்பத்தைப் ‘புலம்பெயர்ந்தோர்’ என்பது இன்னும் விந்தை. பதிப்புதோறும் சுட்டுச்சொற்களைச் சரிபார்ப்பது அரைமணி நேர வேலை. செய்தி அறையில் அதற்கென ஒருவர் இல்லை என்பதே குறை.

6. இவ்விதிகளை யார் வகுப்பது? வரலாறு இங்கு உதவுகிறது. தமிழில் பெரும் நடைமாற்றங்கள் இதழ்களிலேயே தொடங்கின. பெரியார் 1935-இல் ‘குடி அரசு’ இதழில் கையாளத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டரசு 1978-இல்தான் ஆணையாக்கியது. தங்கவயலுக்கு நேரடித் தொடர்புடைய சான்று ஒன்றும் உண்டு. அயோத்திதாச பண்டிதர் 1907-இல் சென்னையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் அது ‘தமிழன்’ எனப் பெயர் பெற்றது. தங்கவயலில் மாரிக்குப்பம் முதலிய பகுதிகளிலிருந்த பௌத்தர்கள் அவ்விதழோடு நெருங்கிய தொடர்புடையவர்கள். 1914-இல் அவர் மறைந்தார். பின்னர் 1926 முதல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்தே ‘தமிழன்’ மீண்டும் வெளிவந்தது. சுரங்கத் தொழிலாளரின் ஊர் ஒரு கருத்திதழைத் தாங்கியது.

அவ்விதழின் உரைநடை இன்றைய வாசகருக்குக் கடினமானது. எளிமை என்னும் அளவுகோலால் அது தேறாது. ஆனால் அதற்கு ஒரு நடைவிதி இருந்தது. தம் மக்களைப் பிறர் இட்ட இழிபெயரால் சுட்டுவதை அயோத்திதாசர் மறுத்தார். ‘சாதிபேதமற்ற திராவிடர்’, ‘பூர்வ பௌத்தர்’ என்னும் பெயர்களை முன்வைத்தார். எம். சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தை அடுத்து ‘ஆதிதிராவிடர்’ என்னும் பெயரை 1922-இல் அரசு ஏற்றது. அது இதற்குப் பின்னர் நிகழ்ந்தது. சுட்டப்படுவோரே தம்மைச் சுட்டும் பெயரை வகுத்ததற்கு இது சான்று.

இதற்கு எதிர்மாறான சான்றுகளும் உண்டு. ‘தலித்’ என்னும் சொல்லைத் தவிர்த்துச் சட்டப்பெயரையே வழங்குமாறு 2018 ஆகஸ்டில் மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தனியார் தொலைக்காட்சிகளுக்கு அறிவுரை அனுப்பியது. சட்டப்பெயர் சாதிச் சான்றிதழுக்கு உரியது. ‘தலித்’ என்பது ஓர் இயக்கம் தனக்குத் தேர்ந்த பெயர். இரண்டும் ஒரு பொருளன அல்ல. ஒன்றற்கு மற்றொன்றைப் பதிலியாக வைக்க இயலாது என்பதை எந்த மொழிபெயர்ப்பாளரும் அறிவர். 2020-இல் தமிழ்நாட்டரசு ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி வெளியிட்ட ஆணையும் சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. ஊராரையும் மொழியியலாரையும் போதிய அளவில் கேளாமல் எழுதப்பட்ட பட்டியலுக்கு வேறு முடிவு இருந்திருக்க வாய்ப்பில்லை.

மொழி நிறுவனங்கள் விதி விதிக்கும் இடங்கள் அல்ல. சான்று தரும் இடங்கள். பெங்களூருப் பதிப்புகளின் ஓராண்டுச் செய்திகளைத் தொகுத்து, யாருக்கு எந்த விகுதி வந்தது, ஐயக்குறிப்பு எந்த இடத்தில் நின்றது என்று கணக்கிட்டு இதழ்களின் முன் வைக்கலாம். அக்கணக்கைத் தங்கவயல் வாசகர் சிலரும் பார்த்துக் கருத்துரைக்க வேண்டும். சில சொற்களின் எடை அவ்வூரார்க்கே தெரியும். ‘லைன்’ என்பது அத்தகைய சொல். சுரங்கத் தொழிலாளர்க்கென வரிசையாகக் கட்டப்பெற்ற வீடுகளை அங்கு அவ்வாறே வழங்குவர். கொச்சை நீக்க வேண்டும் என்னும் விதியைக் கொண்டு அதனைச் செம்மையாக்கினால் ‘தொழிலாளர் குடியிருப்பு’ ஆகும். சுரங்கம் மூடிய பின்னரும் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் அவ்வீடுகளில் வாழ்கின்றன. அவற்றின் உரிமை யாருக்கு என்பது நெடுநாளைய வினா. அவ்வினா பற்றிய செய்தியில், ‘நிறுவனக் குடியிருப்பில் தங்கியுள்ளோர்’ என்று எழுதுவதும் ‘லைன் வீடுகளில் வாழ்வோர்’ என்று எழுதுவதும் ஒன்றாகா. முன்னது வழக்கின் ஒரு பக்கத்தை ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டது.